நடுவில் இறங்க முடியாத பாஸ்

நான் பொய் சொன்னேன். ஒரு ரயில் பாஸைப் பற்றி! அந்தப் பொய்யினால் என் மனைவி பாக்கியம் தன் உடன்பிறந்த அக்காவை மறுபடி பார்க்கவே இல்லை. அக்கா செத்தும் போய்விட்டாள்.

சிரிப்பு வருகிறதா உங்களுக்கு? கொலை இல்லை, கொள்ளை இல்லை, ரயில் பாஸாம்... சிரியுங்கள். மற்றவர்கள் கோபத்தில் தப்புச் செய்கிறார்கள், பசியில் செய்கிறார்கள். நான் இளக்காரத்தில் செய்தேன். வயிறு நிறைந்து, சட்டைக்குக் கஞ்சி போட்டு, நிதானமாகச் செய்தேன்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவன் நான். ரயில்வேயிலேயே குமாஸ்தாவாகி ஓய்வும் பெற்றேன். அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த மலாய் நாட்டுக்கு வந்தவர். எங்கள் வீட்டில் ஆங்கிலம் உண்டு, தேவாரம் உண்டு, ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் மேல் ஏளனமும் உண்டு. மூன்றும் அன்றாடம் உண்டு.

அப்பேர்ப்பட்ட நான் பந்திங் பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டேன். பெரிய புரட்சி! கிள்ளானில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் பாக்கியம். கல்யாணத்துக்கு என் பெற்றோர் வரவில்லை. அவளைத் தூக்கிவிட்டவன் நான் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். தூக்கிவிட்டவன் அதை மறக்கவும் மாட்டான், மறக்க விடவும் மாட்டான்.

பாக்கியத்துக்குச் சிறு வயதிலேயே தாய் இல்லை. வளர்த்தவள் அக்கா அஞ்சலை. விடியுமுன் ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போய், திரும்பி வந்து தங்கைக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவள். அறுபத்தொன்பதுக்குப் பிறகு, குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐ.சி. என்ற அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு வேலை பர்மிட் சிக்கல் வந்ததே, அதில் அஞ்சலையின் புருஷன் மாட்டிக்கொண்டான். பர்மிட் கிடைக்கவில்லை. இருவரும் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம்.

துறைமுகத்தில் நின்று, "நான் வந்து பாக்குறேன்க்கா! கண்டிப்பா வந்து பாக்குறேன்!" என்று கத்தினாள் பாக்கியம். நான் பக்கத்தில் நின்று, சனங்கள் பார்க்கிறார்களே என்று கூசிக்கொண்டிருந்தேன்.

ஆண்டுகள் ஓடின. எண்பதுகளில் எங்கள் ஆட்களுக்கு இந்தியப் பித்துப் பிடித்தது. என்னோடு வேலை பார்த்த ஒருவர், குடும்பத்தோடு டில்லி, ஆக்ரா எல்லாம் சுற்றிவிட்டு வந்து ஒரு ரயில் பாஸைப் பற்றியே அளந்துகொண்டிருந்தார். வெளிநாட்டுக்காரர்களுக்கென்றே விற்கிற பாஸ். அதற்குரிய நாட்கள் முடியும்வரை எந்த ரயிலிலும் ஏறலாம், எந்த ஊரிலும் இறங்கலாம், மறுபடி ஏறலாம். குளிர்சாதன வகுப்பு வேறு! மனிதர் ஏதோ இமயமலையை வாங்கி வந்ததுபோல் பேசினார். அற்பம் என்று எண்ணிக்கொண்டே கேட்டேன். மறுநாளே எனக்கும் அது வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அந்தப் பாஸ் எங்கள் பயணத்துக்குப் பொருந்துமா? பொருந்தாது! பாக்கியம் கேட்டது இரண்டே இடம். அக்கா வீட்டில் ஒரு வாரம், பிறகு ராமேஸ்வரம். அதற்குச் சாதாரண டிக்கெட்டும் ஒரு டவுன் பஸ்ஸும் போதும். நாடு முழுக்க ஓடுகிறவனுக்குத்தான் பாஸ். அக்கா பக்கத்தில் பாய் போட்டுப் படுக்க நினைக்கிறவளுக்கு அது எதற்கு? ரயில்வேக்காரனான எனக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் வாங்கினேன்.

ஏன் என்கிறீர்களா? மண் சுவர், சாணித் தரை, வயல்வெளியில் காலைக் கடன், "மாப்பிள்ளை வந்துட்டாரு" என்று சுற்றி நின்று வாய் பார்க்கும் கூட்டம்... இதெல்லாம் எனக்கா? போக மாட்டேன் என்று சொல்லத் தைரியமில்லை. பாஸ் இருந்தால் நான் சொல்ல வேண்டியதில்லையே. ரயிலில் ஏறாத நாளெல்லாம் வீண் என்று பாஸே சொல்லிவிடும்.

பாக்கியத்தின் தம்பி முத்தையா பந்திங்கில் லோரி ஓட்டுகிறவன். விஷயம் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். எங்கள் வீட்டு நாற்காலியில் எப்போதும்போல் நுனியில் உட்கார்ந்தான். அப்படி உட்கார்வது எனக்குப் பிடிக்கும்.

"மாமா, பெரியக்கா வீட்டுல ஒரு வாரம் தங்கிட்டு வரலாம்லா? அது ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கு."

"இது டூரிஸ்ட் பாஸ், முத்தையா. நடுவில இறங்கித் தங்கினா கேன்சல் ஆயிடும். ரூல் அப்படி."

"எறங்கிட்டு மறுபடி ஏற முடியாதா மாமா?"

"ரயில்வேயில வேலை செய்யறது நீயா, நானா?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். "அதுவும் சரிதான் மாமா. நமக்கு லோரிதான் தெரியும்."

அவ்வளவுதான்! இறங்கி ஏறுவதற்கென்றே விற்கிற பாஸை, இறங்கவே கூடாத பாஸ் என்று ஒரே வாக்கியத்தில் மாற்றிவிட்டேன். எவனும் கேள்வி கேட்கவில்லை. என் உத்தியோகத்தின் மேல் அவர்களுக்கு அவ்வளவு பக்தி. அந்தப் பக்தியைப் பார்த்து நான் உள்ளூர நகைத்தேன்.

பாக்கியம் மட்டும் அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். "ஏங்க, விருத்தாசலம் ஸ்டேஷன்ல ரயில் நிக்குமா? நின்னா போதும்ங்க. அக்காவ அங்க வரச் சொல்லிர்றேன். மொகத்த பாத்துட்டா போதும்."

நிற்கும் என்றேன். அது ஒன்றுதான் நான் சொன்ன உண்மை.

எந்த நாள், எந்த ரயில் என்று முத்தையா அஞ்சலைக்குச் செய்தி அனுப்பினான். நாங்கள் புறப்பட்டோம். நான், பாக்கியம், எங்கள் மகள். மதராஸில் இறங்கியதும் டில்லி, டில்லியிலிருந்து ஆக்ரா, ஆக்ராவிலிருந்து பம்பாய், மறுபடி மதராஸ்... பாஸை வீணாக்கக் கூடாதே! எங்கும் தங்கக் கூடாது என்ற என் பொய்க்குத் தக்கபடி ரயிலிலேயே தூங்கினோம், ஸ்டேஷன் அறைகளில் குளித்தோம். மகளுக்கு வயிற்றோட்டம். டீ சரியில்லை, கம்பளி சரியில்லை, மனிதர்கள் சரியில்லை என்று நான் வழியெல்லாம் முகம் சுளித்தபடி வந்தேன். தாஜ்மகாலின் முன்னால் நின்று பாக்கியம் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"விருத்தாசலம் எப்பங்க வரும்?"

பட்டிக்காடு, என்றேன் மனசுக்குள்.

கடைசியில் அந்த நாளும் வந்தது. மதராஸிலிருந்து மதுரைக்குப் போகும் பகல் எக்ஸ்பிரஸில், குளிர்சாதனப் பெட்டியில் இருந்தோம். சன்னலோரம் நான். பாக்கியம் காலடியில் ஒரு பை வைத்திருந்தாள். பூ அச்சிட்ட பாத்தேக் கைலிகள், துவாலை, தைலம், ஒரு பிஸ்கட் டின்... எல்லாம் அக்காவுக்கு. ஓடிய ஓட்டத்தில் அவளுக்குக் கண் சொருகியது. மகளும் அவள் மடியில் சுருண்டு கிடந்தாள்.

"கொஞ்சம் கண்ணசர்றேன். விருத்தாசலம் வந்தா எழுப்பிருங்க. மறந்துராதீங்க" என்றாள்.

எதிர் இருக்கையில் ஒரு பெரிய மனிதர். ஓய்வு பெற்ற அதிகாரியாம். தங்க பிரேம் கண்ணாடி, நல்ல ஆங்கிலம். எனக்கேற்ற ஆள் கிடைத்தார் என்று பேச்சில் ஒட்டிக்கொண்டேன். மனைவிக்கு எந்த ஊர் என்று கேட்டார். "யாழ்ப்பாணம்தான் சார். பழைய குடும்பம்" என்றேன். யாரும் அப்படிச் சொல்லச் சொல்லி என்னைக் கட்டாயப்படுத்தவில்லை!

ரயில் வேகம் குறைந்து விருத்தாசலத்தில் நின்றது.

நான் அஞ்சலையைப் பார்த்தேன். பார்த்த கணமே தெரிந்துவிட்டது. அது பாக்கியத்தின் முகம்தான், வெயிலில் கருத்து, கன்னம் ஒட்டி, பத்து வயது கூடிப்போன முகம். காலில் செருப்பில்லை. கையில் ஒரு தூக்குச்சட்டி. தங்கைக்கு ஏதோ சமைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். இரண்டாம் வகுப்புப் பெட்டிகளின் சன்னல் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து, உள்ளே எட்டிப் பார்த்து, அடுத்ததற்கு ஓடினாள். மறுபடி அடுத்ததற்கு...

எங்கள் பெட்டி வரைக்கும் வந்துவிட்டாள்! கண்ணாடியில் கையைக் குவித்து வைத்து உள்ளே பார்த்தாள். வெளியே உச்சி வெயில். உள்ளே இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்காது. எனக்கு எல்லாம் தெரிந்தது. வாய் அசைவதும் தெரிந்தது. பாக்கியம், பாக்கியம் என்றுதான் அசைந்திருக்க வேண்டும்.

விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். பக்கத்தில் தூங்குகிறவளின் தோளைத் தொட்டிருக்கலாம். ஏன் செய்யவில்லை? பயமா? வெறுப்பா? எதிரே தங்க பிரேம் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் ஏதாவது தேடிக் கொடுப்பீர்களா எனக்கு? நானும் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

"பாவம், யாரையோ தேடறா போலிருக்கே" என்றார் அவர்.

"பிச்சை கேக்கிறவளா இருக்கும் சார்" என்றேன்.

சொன்னேன்! என் மனைவியை வளர்த்து ஆளாக்கியவளை, என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அப்படிச் சொன்னேன். ரயில் நகர்ந்தது. அவள் எங்கள் பெட்டியை விட்டுவிட்டு முன்பெட்டிகளைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் பாக்கியம் திடுக்கிட்டு விழித்தாள். "விருத்தாசலம் வந்துருச்சா?"

"போயிடுச்சு."

"ஏங்க எழுப்பல?"

"நீ அசந்து தூங்கின. நானே இறங்கினேன். பிளாட்ஃபாரம் பூரா ஓடி ஓடித் தேடினேன், பாக்கியம். உங்க அக்கா வரல."

அவள் பையைக் காலால் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டாள். எதிரே இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டார். ஒரு தடவை என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டவர்தான், மதுரை வரைக்கும் அதை இறக்கவே இல்லை. யாருடைய மரியாதைக்காக இதைச் செய்தேனோ, அவரே என்னைப் புழுவாகப் பார்த்தார். அவர் பெயர்கூட இன்று எனக்கு நினைவில்லை.

ராமேஸ்வரம் போய்த் திரும்பும் வழியில் அதே ஸ்டேஷனில் ரயில் நின்றது. பாக்கியம் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்த சில வாரங்களில் முத்தையா குழம்பிப்போய் வந்து நின்றான். "மாமா, பெரியக்கா வந்துச்சாம். பெட்டி பெட்டியா தேடுச்சாம். நீங்கதான் அந்த ரயில்ல இல்லயாம்..."

"இந்தியாக்காரங்க பேச்சை நம்பாதே. வராமலே வந்தேன்னு சொல்லுவாங்க. நான் கண்ணால பாத்தவன்."

பாக்கியம் தம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்னை நம்பினாள். அதன்பின் அக்காவைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை, எழுதவும் இல்லை. அஞ்சலை காய்ச்சலில் இறந்த செய்தி வந்தபோது, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். நான் வெளியே நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? சொன்னால் அவளுக்கு அக்கா திரும்பக் கிடைப்பாள். ஏமாற்றாத அக்கா, வெறுங்காலோடு ஓடிய அக்கா! ஆனால் நான் இல்லாமல் போவேன். என்னையே நான் காப்பாற்றிக்கொண்டேன். இன்றும் உங்களிடம்தான் சொல்கிறேன், அவளிடம் இல்லை. நீங்கள் யாரோ எவரோ. உங்கள் மன்னிப்பு எனக்கு உப்புக்கும் பெறாது.

இப்போது கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கிறோம். போன வாரம் சம்பந்தியம்மாள் வந்திருந்தார். பேச்சு எப்படியோ இந்தியாவுக்குப் போயிற்று. பாக்கியம் என் தட்டில் பலகாரத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க அக்காதாங்க வரல. ஆனா இவரு இருக்காரே, அந்த வேகாத வெயில்ல எனக்காக பிளாட்ஃபாரம் பூரா ஓடி ஓடித் தேடினாரு. எந்த ஆம்பள செய்வான், சொல்லுங்க?"

ஓடியவள் அஞ்சலை. அந்த ஓட்டத்தையும் அவளிடமிருந்து நான் பறித்து வைத்திருக்கிறேன்.

சம்பந்தியம்மாள் என்னை மரியாதையோடு பார்த்தார். என்னால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கமான மனுஷன் என்று பாக்கியத்திடம் சொல்லிவிட்டுப் போனாராம்.