வராத புகார்

தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே ஃபோனில் போட்டு நிறுத்த ஒரு சின்ன மென்பொருள் எழுதினேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், திருத்திக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டேன். அன்றைக்குப் பிடித்தது சனி. திருத்த ஒருவரும் வரவில்லை. குறை சொல்லத்தான் ஊர் உலகமே வந்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தது போதாதென்று வாலையும் முறுக்கினார்கள். எது அவசரம், எது பொறுக்கும், எது ஏற்கெனவே வந்தது என்று புகார்களைப் பிரித்துவைப்பதே என் பிழைப்பாகிவிட்டது. காந்திபுரத்தில் பஸ் ஏறி, துடியலூரில் இறங்கும்வரை நசுங்கிக்கொண்டே பிரித்திருக்கிறேன்.

ஒருநாள் வெறுத்துப்போய், இனி இதை நான் பார்க்கமாட்டேன் என்று அறிவிப்புப் போட்டேன். பொறுப்பில்லாதவள் என்று எவனோ திட்டி எழுதினான். திட்டினால் நல்லதுதான், மனசு கல்லாகிவிடும்.

திட்டாத ஒருவர் அடுத்த ஞாயிறு வீட்டுக்கே வந்தார். கிணத்துக்கடவில் தோப்பு வைத்திருக்கும் தூரத்துச் சொந்தம், எனக்கு மாமா முறை. என் மென்பொருளை முதலில் வாங்கிப் போட்டுக்கொண்டவர். இளநீர் மூட்டையை இறக்கிவைத்தார். எங்கள் பக்கத்தில் வந்தவரிடம் என்ன காரியம் என்று கேட்கவும் முடியாது, அவர்களாகச் சொல்லவும் மாட்டார்கள். காபி குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார். செருப்பை மாட்டும்போதுதான், நீ அதை விட்டுவிட்டாயாமே, நல்லதுதான், உனக்கும் ஓய்வு வேண்டுமல்லவா என்றார்.

அவருக்காவது அது ஒழுங்காக ஓடியதா என்று வாயைக் கொடுத்தேன்.

"எங்கீங் கண்ணு ஓடுச்சு. ஃபோன்ல நின்னுபோச்சுன்னு காட்டும், மோட்டாரு ஓடிட்டே கெடக்கும். ராத்திரில டார்ச் அடிச்சுட்டுப் போயி நானே நிறுத்திக்கறேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இனாமாக் குடுத்த புள்ளகிட்டப் போயி நொட்டை சொல்லுவாங்களா அம்மணி? பக்கத்துத் தோட்டத்துலயும் இதே கததான். உன்னையச் சங்கடப்படுத்த வேண்டாம்னு ஆரும் வாயத் தொறக்கல. நீ விட்டுரு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் பிரித்துப் பிரித்து வைத்த குப்பையில் பட்டனின் நிறம் பிடிக்கவில்லை என்பதுகூட இருக்கிறது. பாம்பு நடமாடும் வரப்பில் இருட்டில் இந்த மனிதர் நடப்பது மட்டும் இல்லை.

அவர் போனதும் அறிவிப்பை எடுத்துவிட்டேன். அவர் சொன்னதை நானே புகாராக எழுதி, அவசரம் என்று குறித்தேன். யாரிடம் ஒப்படைப்பது என்று திரையில் ஒரு கட்டம் கேட்டது. அந்தக் கட்டத்தைத் தொட்டால், என் பெயர் ஒன்றுதான் இருந்தது.