சீரகத் தண்ணீர் என்று சொன்னது

காலை பத்து நாற்பதுக்கு அந்த இயந்திரத்தின் சத்தம் மாறியது. அதுவரை சீராக ஓடிக்கொண்டிருந்த குழந்தையின் இதயத் துடிப்பு, பாரம் ஏற்றிய லாரி மேட்டில் கியர் இறக்குவதுபோல் மெல்லத் தணிந்தது. மகள் கட்டிலின் கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். வலி விட்டதும் துடிப்பு மறுபடி ஏறியது. பக்கத்தில் நின்ற இளம் டாக்டர் திரையைப் பார்த்தார், இயந்திரம் துப்பிக்கொண்டிருந்த காகிதத்தைப் பார்த்தார், பிறகு கையை நீட்டிச் சத்தத்தைக் குறைத்தார்.

எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் விழுந்தது. ஒன்றும் இல்லையென்றால் எதற்குச் சத்தத்தைக் குறைக்க வேண்டும்?

நேரம் நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் என் கைப்பையில் போன் ஒலிப்பதிவில் இருந்தது. பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவரைத்தான் விடுவார்கள். மருமகனை வெளியே நிறுத்திவிட்டு நான் உள்ளே போனதே இதற்காகத்தான். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்று நினைத்தேன். தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் இருபது வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிறேன். வாயால் சொன்னதை மறுநாள் மாற்றிச் சொல்பவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

இந்தச் சந்தேகம் அன்றைக்கு முளைத்தது அல்ல. என் மகள் ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை. இருபத்தாறு வருடங்களுக்கு முன் வேறு ஒரு மருத்துவமனையில், இரும்புக் கரண்டிகள்போல் இரண்டை உள்ளே விட்டு இழுத்தார்கள். காதோரம் சிவந்து வீங்கிய தடம் ஒரு மாதம் கிடந்தது. எதற்கு அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, பிள்ளை உயிரோடு இருக்கிறதே, பிறகென்ன என்று வார்டு நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிள்ளை நடக்கும்வரை, பேசும்வரை, பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடும்வரை நான் பயந்துகொண்டே இருந்தேன்.

மகளுக்குத் தலைப்பிரசவம் என்று வீட்டுக்கு அழைத்து வந்த நாளிலிருந்து லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் வெட்டாமல் விட மாட்டார்கள் என்றார்கள். புதிதாய்ப் படித்து வந்த டாக்டர்கள் நம் பிள்ளைகள் மேல்தான் பழகுகிறார்கள் என்றார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒருத்தி என் காதில் விழும்படியாகவே சொன்னாள்: "கிராணியம்மா மவளுக்கு என்ன லா, ராணி மாதிரி படுத்துக்கிட்டே பெத்துட்டு வந்துரும். நம்மளத்தான் முக்கு முக்குன்னு திட்டுவாங்க."

ஆயுதமும் வேண்டாம், கத்தியும் வேண்டாம் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அந்த முடிவுக்கு வழி காட்டியது என் பக்கத்து மேசையில் வேலை செய்யும் மலாய்க்கார அக்கா வைத்திருந்த ஒரு காய்ந்த பூ. பாத்திமா பூ என்பார்கள். பார்ப்பதற்குச் சுருங்கிப்போன வேர்க்கட்டைபோல் இருக்கும். தண்ணீரில் போட்டால் விரல்களைப்போல் மெல்ல விரியும். அது விரிவதுபோல் வயிறும் விட்டுக்கொடுக்கும், பிரசவம் சுலபமாகும் என்று மலாய்க்காரர்கள் அந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள். நம் ஆட்களிலும் சிலர் குடித்ததுண்டு. அக்கா கொடுக்கும்போதே சொன்னார்: வலி நன்றாகக் கண்ட பிறகு ஒரு மடக்கு, அதுவும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு. முதல் பாதியைக் கேட்டுக்கொண்டேன். இரண்டாவது பாதி, தன் பொறுப்பைக் கழற்றிக்கொள்வதற்காகச் சொல்வது என்று நினைத்தேன். மருந்துக் கடைப் பெட்டியின் மேலே அச்சடித்திருக்கும் எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்?

முந்தின நாள் சாயங்காலமே பூவை ஊற வைத்தேன். காலையில் அது முழுக்க விரிந்து, தண்ணீர் வெளிறிய தேநீர் நிறத்தில் இருந்தது. ஐந்தரைக்கு வலி எடுத்தது. ஒரு மடக்கு எந்த மூலைக்கு என்று ஆறு மணிக்கு ஒரு டம்ளராகவே கொடுத்தேன். மகள் முகத்தைச் சுளித்தாள், மண் வாசம் அடிக்கிறது என்றாள். மீதியைப் பிளாஸ்கில் ஊற்றி எடுத்துக்கொண்டேன்.

மருமகன் கோலா தெர்லாவில் காய்கறி லாரி ஓட்டுகிறவர். அன்றைக்கு முதலாளியின் காரை இரவல் வாங்கி வந்திருந்தார். ஸ்ட்ராபெரித் தோட்டங்களைச் சுற்றிய மலை வளைவுகளில் காரை அவ்வளவு மெதுவாக அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. மகளைச் சிரிக்க வைக்க ஏதாவது சொல்லிக்கொண்டே வந்தார்.

"பிள்ள வழியிலயே பொறந்துட்டா என்ன பேரு வைக்கறது அத்தை? ஸ்ட்ராபெரின்னு வச்சிருவமா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்றாள் மகள், வலிக்கும் சிரிப்புக்கும் நடுவில்.

ரிங்லெட் ஊரைத் தாண்டியதும் பிளாஸ்கைத் திறந்து இன்னொரு டம்ளர் ஊற்றினேன். அவர் கண்ணாடியில் பார்த்தார்.

"என்ன அத்தை அது?"

"சீரகத் தண்ணி."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டம்ளரை வாங்கிக் குடித்தாள்.

மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது வலி இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பூ வேலை செய்கிறது, இவர்கள் கத்தியை எடுப்பதற்குள் பிள்ளை வந்துவிடும் என்று நினைத்தேன். பத்து மணிக்கெல்லாம் ஒரு வலி முடிவதற்குள் அடுத்தது ஏறியது. மகளுக்கு மூச்சு விடக்கூட இடைவெளி இல்லை. அப்புறம்தான் அந்தப் பத்து நாற்பது.

இளம் டாக்டர் தமிழர்தான், பட்டணத்துப் பிள்ளை. என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நாங்க இன்னும் வலி வர்றதுக்கு மருந்து ஒண்ணும் ஏத்தல. அப்படியும் வலி இவ்ளோ நெருக்கமா வருது. வீட்ல ஏதாச்சும் குடிச்சாங்களா? கஷாயம், வேரு, நாட்டு மருந்து?"

"இல்ல டாக்டர். ஒண்ணும் குடிக்கல."

"கண்டிப்பா?"

"நான் கூடவேதானே இருக்கேன்."

மகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவர் அவளிடமும் கேட்டார். அவள் தலையை அசைத்தாள். அது ஆமாவா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஏன் பொய் சொன்னேன் என்று இத்தனை மாதம் யோசித்தும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. அவர் அப்படிக் கேட்டதே பழியை எங்கள் தலையில் கட்டத்தான் என்று அந்த நொடி நம்பினேன்.

ஒரு ஊசி போட்டார்கள். கருப்பையைக் கொஞ்சம் தளர்த்த என்றார்கள். துடிப்பு சிறிது நேரம் சரியானது. பெரிய டாக்டர் வந்தார், மலாய்க்கார அம்மா, என் வயதிருக்கும். இருவரும் ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். எனக்குப் புரிந்தது பாதிதான், அந்தப் பாதியைக் கொண்டு மீதியை நானே எழுதிக்கொண்டேன். ஒரு மணிக்குக் கருப்பை வாய் முழுவதும் திறந்துவிட்டது, ஆனால் துடிப்பு மறுபடி விழுந்தது. பிள்ளையின் தலையில் கிண்ணம்போல் ஒன்றைப் பொருத்தி, மகள் முக்கும்போது இழுப்போம், அதற்கு வேக்கம் என்று பேர் என்று பெரிய டாக்டர் நிதானமாக விளக்கினார். அவர் விளக்க விளக்க எனக்கு அந்த இரும்புக் கரண்டிகள்தான் கண்ணில் நின்றன.

கிண்ணம் ஒருமுறை வழுக்கி வந்தது. மறுபடி பொருத்தினார்கள். மறுபடியும் வழுக்கியது. பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, போதும், முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் என்றார். யாரோ சம்மதப் பாரத்தைக் கொண்டுவந்து மகளின் கையில் பேனாவைக் கொடுத்தார்கள். நான் பாரத்தை வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்.

"அம்மா, குடுங்கம்மா," என்றாள் மகள். நான் இரண்டாவது வரியில் இருந்தேன். அவள் என் கையிலிருந்து பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

நடைபாதையில் நானும் மருமகனும் நின்றோம். கதவு திறக்கும்போதெல்லாம் முகங்களைப் படித்தேன். ஒரு மிஸ்ஸி வேகமாகப் போனால் ஏதோ தவறிவிட்டது, மெதுவாகப் போனால் எதையோ மறைக்கிறாள். மருமகனிடம் சொன்னேன்: "ரெண்டு தடவ வழுக்கிருச்சு. தெரியாதவங்க கையில குடுத்துட்டோம். எல்லாம் போன்ல இருக்கு. நான் விட மாட்டேன்."

"பிள்ள வரட்டும் அத்தை மொதல்ல," என்றார்.

சிறிது நேரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் எங்களைக் கடந்து ஓடினார்கள். உள்ளே பிள்ளை. தலையின் ஒரு பக்கம் மாவைப் பிசைந்து ஒட்டியதுபோல் மேடாக இருந்தது. அழுகைச் சத்தம் இல்லை. மருமகன் பின்னாலேயே ஓடினார், கதவோடு நிறுத்திவிட்டார்கள்.

திரும்பி வந்து அவர் உட்காரக்கூட இல்லை, அதற்குள் இளம் டாக்டர் வெளியே வந்தார். முன்னங்கையில் இரத்தம்.

"அம்மா, பிள்ளைக்கு மூச்சு வந்துருச்சு, பாக்கறாங்க. இப்ப கவலை உங்க மகளப் பத்திதான். கருப்பை சுருங்கவே மாட்டேங்குது, ரத்தம் நிக்கல. யாரையும் திட்டறதுக்கு நான் வரல. என்ன குடிச்சாங்க, எவ்வளவு, எப்ப? அது மட்டும் சொல்லுங்க."

நான் அப்போதும் அவர் முகத்தில் சூழ்ச்சியைத் தேடினேன். இல்லை. வேர்வைதான் இருந்தது.

"பாத்திமா பூ," என்றேன். "ஆறு மணிக்கு ஒரு டம்ளர். ரிங்லெட் தாண்டி எட்டு மணி வாக்குல இன்னொண்ணு. முந்தின நாள் சாயங்காலத்துலருந்து ஊறுனது."

"முழு டம்ளரா?"

"முழுசா."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடினார். கதவு மூடிய பிறகும் நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் பக்கத்தில் மருமகன் நின்றார்.

"சீரகத் தண்ணின்னு சொன்னீங்க அத்தை," என்றார். குரல் உயரவில்லை. நடைபாதையின் அந்தக் கோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

நாலரைக்குப் பெரிய டாக்டர் வந்தார். இரண்டு பை இரத்தம் ஏற்றியிருக்கிறோம், நின்றுவிட்டது, கருப்பையை எடுக்க வேண்டியிருக்கவில்லை என்றார். பிள்ளைக்கு மூச்சுக்கு உதவி கொடுத்து வைத்திருக்கிறார்கள், தலையில் இருப்பது கிண்ணம் பொருந்திய இடத்து வீக்கம், வற்றிவிடும், மஞ்சள் காமாலை வருகிறதா என்று பார்க்க வேண்டும். நான் மலாயில் கேட்டேன்: அந்தத் தண்ணீரால்தானா?

"அதனால்தான் என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது," என்றார். "காலையிலேயே தெரிந்திருந்தால் இரத்தத்தை முன்பே தயாராக வைத்திருப்பேன்."

என் மனம் எப்படிப்பட்டது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். அவர் அப்படிச் சொன்னபோதும், இரண்டு தடவை வழுக்கிய கிண்ணத்தை என் இரண்டு டம்ளருக்குப் பின்னால் ஒளிக்கப் பார்க்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒலிப்பதிவை அப்புறம் ஒரே ஒருமுறை கேட்டேன். டாக்டர்கள் சொன்னதில் பிடித்து நிறுத்த ஒரு சொல்லும் இல்லை. தெளிவாகக் கேட்பது "ஒண்ணும் குடிக்கல" என்ற என் குரல். அழிக்கவில்லை. பேரனுக்கு இப்போது நான்கு மாதம். வீக்கம் எப்போதோ வற்றிவிட்டது. பால் குடிக்கிறான், சத்தம் வந்த பக்கம் திரும்புகிறான். குளிப்பாட்டும்போது என் விரல் தானாக அந்த இடத்துக்குப் போகிறது.

அன்றைக்கு ஆறு மணி ஆகப்போகும் நேரத்தில் ஆபரேஷன் அறைக் கதவு அகலத் திறந்து, மகளின் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் உதடு வெளுத்து வெடித்திருந்தது. கையில் இரத்தம் ஏறும் குழாய். மருமகன் கோடியிலிருந்து ஓடி வந்து காலடியில் நின்றார். அவள் கண்ணாலேயே என்னைக் கூப்பிட்டாள். குனிந்தேன். பிள்ளையைக் கேட்பாள் என்று நினைத்து, நல்லா இருக்கான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்குக் கேட்காதபடி சொன்னாள்:

"அம்மா, என்ன குடிச்சேன்னு உள்ள டாக்டர் கேட்டாங்க. அந்தப் பூவ நானே போன்ல ஆர்டர் பண்ணி, உங்களுக்குத் தெரியாம குடிச்சேன்னு சொல்லிட்டேன். இவருகிட்டயும் அப்படியே சொல்லிருங்க. நீங்க வேற மாதிரி ஒண்ணும் சொல்லிடலியே?"