வேகாத மொட்டு

அந்த விடுதியின் தோட்டக்காரருக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. மாடி வீடு கேட்டாரா, கார் கேட்டாரா? தான் வளர்க்கிற செடியின் பூவை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். தோட்டக்காரருக்கு இது ஒரு ஆசையா என்று கேட்பீர்கள். கேளுங்கள், உங்களுக்கென்ன! அவர் வளர்த்தது ஆர்டிசோக். கட்டிக்கொண்டதோ அதே விடுதியின் சமையல்காரியை.

ஆர்டிசோக் இடுப்பளவு வளரும். வெள்ளி பூசின மாதிரி இலை, உச்சியில் செதில் செதிலாக ஒரு பச்சை மொட்டு. அந்த மொட்டைத்தான் வேகவைத்துத் தின்பார்கள். வெட்டாமல் விட்டால் ஊதாப் பூவாக விரியும், அதற்கப்புறம் அதை மாடுகூடச் சீண்டாது. ஆக, ஒன்று தட்டுக்கு, இல்லாவிட்டால் கண்ணுக்கு. மேனேஜர் இதை வாசலில் நடச் சொன்னார். "அழகுக்கும் ஆச்சு, சமையலுக்கும் ஆச்சு" என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்த திருப்தி அவருக்கு. இரண்டாவது மாங்காய் யார் தலையில் விழுந்தது என்று அவர் ஏன் பார்க்கப் போகிறார்?

சமையல்காரிக்கு விடுதியில் கத்தியக்கா என்று பெயர். மேனேஜர் எதைக் கேட்டாலும் 'இல்லை' என்று ஒரு நாளும் சொன்னதில்லை என்பது அந்த அம்மாளின் தலைக்கனம். மொட்டு பருத்ததோ இல்லையோ, காலையிலேயே கத்தியோடு வாசலுக்கு வந்துவிடுவாள்.

"ஒண்ணே ஒண்ணு விடேன், பூக்கட்டும்" என்பார் இவர்.

"பூ வந்து சோறு போடுமா? தள்ளுங்க."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவருக்கு ஊரார் வாய்க்கெல்லாம் எட்டியது, தன் கண்ணுக்கு மட்டும் எட்டவில்லை. வருஷம் தவறாமல் இதே கூத்து. இந்த வருஷத்தோடு அவருக்கு ஓய்வு. பாத்தியை மூடி வண்டி நிறுத்த இடம் பண்ணப்போவதாக மேனேஜர் சொல்லியாகிவிட்டது. இப்போது தப்பினால் அப்புறம் இந்த ஜென்மத்தில் இல்லை.

மனுஷர் யோசித்தார். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

ஆர்டிசோக்குக்கு ஒரு பங்காளி உண்டு, கார்டூன் என்று பெயர். சிரிக்காதீர்கள், பெயர் வைத்தவன் நானில்லை. விடுதியில் அதைத் தண்டுச்செடி என்பார்கள். இலையும் நிறமும் அச்சு அசல் ஆர்டிசோக்தான், ஆனால் அதில் தின்பது தண்டை. கசப்பு போவதற்காகச் செடியைச் சேர்த்துக் கட்டி, சாக்கைச் சுற்றி, கொஞ்ச நாள் வெயில் படாமல் வைப்பார்கள். தண்டு வெளுத்து இளசாகும். இரண்டும் ஒரே பாத்தியில்தான் நின்றன. சாக்கைச் சுற்றிவிட்டால் உள்ளே இருப்பது எது என்று யார் கண்டார்கள்? நல்ல மொட்டு வைத்த ஒரு ஆர்டிசோக்குக்குத் தோட்டக்காரர் சாக்கைச் சுற்றினார். தண்டுச்செடிக்கு உச்சியைத் திறந்துதான் விடுவார்கள். இவருக்கு ஒளிக்க வேண்டியதே உச்சியாயிற்றே! அதையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார்.

"என்ன அது?" என்றாள் கத்தியக்கா.

"தண்டு. வெளுக்கப் போட்டிருக்கேன்."

கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேச்சை அவள் நம்பியது அந்த ஒரு தடவைதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட பெருமையில் இவரும் விசிலடித்துக்கொண்டு தினமும் தண்ணீர் ஊற்றினார், சாக்கும் நனைய நனைய.

மொட்டு விரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு ஒரு காலையில் கட்டை அவிழ்த்தார். மொட்டு சாம்பல் பூத்து, கொழகொழவென்று அழுகி நாறியது. பின்னால் கத்தியோடு நின்ற கத்தியக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சிரித்தாள் பாருங்கள், காவலாளி கேட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்கிட்டேருந்து ஒளிச்சீங்க, சரி. வெயில்கிட்டேருந்துமா ஒளிப்பீங்க?"

அவர் மண்ணிலேயே உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. "அட, எழுந்திரிங்க. யாராவது பார்க்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று மதியம் ஒரு கம்பெனியின் விருந்து. ஆளுக்கொரு மொட்டு என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார், ஒன்று குறைந்தது. அவரே சமையலறைக்கு வந்தார்.

"வாசல்ல ஓரத்துச் செடியில இன்னும் ஒண்ணு இருக்கே, கடைசி மொட்டு?"

கத்தியக்கா கையைத் துடைத்தாள், இன்னொரு தடவை துடைத்தாள். "இல்லை சார். அது ஆகாது. செடிக்குச் சீக்கு."

இதோடு நிறுத்தியிருக்கலாம். உப்பை அளந்து போடுகிறவள், பழக்கமில்லாத பொய்யில் ஒரு பிடி கூடப் போட்டுவிட்டாள். "பக்கத்துச் செடிக்கெல்லாம் ஒட்டும் சார்."

"ஒட்டுமா? அப்போ இன்னிக்கே பிடுங்கி எறியச் சொல்லுங்க!"

பிடுங்கச் சொல்ல வந்தவளைத் தோட்டக்காரர் எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "பிடுங்கத்தானே சொன்னாரு. எறியறதை நாம பார்த்துக்கலாம்" என்றாள். அவர் வேரோடும் மண்ணோடும் தோண்டி எடுத்து, ஓட்டை வாளி ஒன்றில் இறக்கினார். பஸ்ஸில் அந்த வாளியை அவள்தான் மடியில் வைத்துக்கொண்டாள். முள் குத்துகிறது என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்.

அவர்கள் குடியிருந்தது மாடியில் ஒரே அறை, வெளியே இரண்டு ஆள் ஒண்டி நிற்கிற அளவுக்குப் பால்கனி. செடி அங்கே போய் அழகாகத் தலையைத் தொங்கப்போட்டது. இலை ஒவ்வொன்றாகச் சுருண்டது. "உங்க மகாராணி எழுந்தாச்சா?" என்று காலையில் அவள் கேட்பதும், இவர் தண்ணீர் ஊற்றுவதுமாக நாள் போனது. மொட்டு மட்டும் வாடவில்லை, விரியவும் இல்லை.

அவளுக்கு விடுமுறையாக வாய்த்த ஒரு நாள், காய்ந்த துணி எடுக்கப் பால்கனிக்குப் போனவளைக் காணோம். எழுந்து போய்ப் பார்த்தார். வாடிச் செத்த இலைகளுக்கு நடுவில் பூ விரிந்திருந்தது. கண்ணைக் கூசுகிற ஊதா, உள்ளங்கை அகலம், நூல் நூலாக. இரண்டு தேனீக்கள் அதற்குள் புரண்டுகொண்டிருந்தன. துணியை மடியில் போட்டுக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இதையாங்க நான் இத்தனை வருஷமா வேகவெச்சேன்?"

சொல்லிக்காட்டுவதற்கென்றே அவர் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு நிறைய இருந்தது.

"தள்ளி உட்காரு" என்றார். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.