தூக்கும் வேண்டாம், விடுதலையும் வேண்டாம்

இதை எழுத எனக்குப் பல வருடமாகத் தைரியம் வரவில்லை. எட்டாவதோடு நின்ற படிப்பு ஒரு காரணம். பிள்ளையைப் பறிகொடுத்தவள் இப்படியா பேசுவாள் என்று ஊர் சொல்லுமே என்ற பயம் இன்னொன்று. இப்போது அந்தப் பயம் போய்விட்டது.

என் மகன் கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வேன் ஓட்டினான். ஒரு பௌர்ணமியன்று, கிரிவலம் முடித்தவர்களை யார் முதலில் ஏற்றுவது என்று இன்னொரு வேன்காரனோடு தகராறு. அவன் இரும்பு ராடால் தலையில் அடித்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே என் பிள்ளை போய்விட்டான். அடித்தவனுக்குக் கோர்ட்டில் ஆயுள் தண்டனை.

சொந்தக்காரர்களுக்கு அது போதவில்லை. அவன் தூக்கில் தொங்கும்வரை எங்கள் வீட்டில் கார்த்திகை விளக்கு ஏற்றக்கூடாது என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள். துக்கத்துக்கு ஒரு வருடம் ஏற்றாமல் இருந்தேன், அது முறை. மறு வருடம் மலையில் ஜோதி தெரிந்ததும் அரோகரா சொல்லி வாசலில் அகல்களை ஏற்றிவிட்டேன். என் நாத்தனார் ஓடி வந்தார்.

"இன்னாடி இது? அவன் ஜெயில்ல மூணு வேளையும் துன்னுகினு கீறான், நீ வெளக்கு ஏத்திகினு கீற!"

"அவன் துன்றதுக்காக அண்ணாமலையார இருட்டுல வெக்கணுமா அண்ணி?"

"தூக்குல போடணும்னு ஒரு வார்த்த சொல்லேன். நாக்கு புண்ணாயிடுமா?"

"கயித்துல போடறவனும் ஒருத்தி பெத்த புள்ளதான். எம்புள்ள பேரச் சொல்லி அவனையும் கொலகாரனாக்க மாட்டேன்."

"நீயெல்லாம் ஒரு பெத்தவளா!"

"பெத்ததாலதான் சொல்றேன்."

இந்தப் பேச்சு எப்படியோ வெளியே போனது. ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கி, தூக்குத் தண்டனைக்கு எதிராகக் கூட்டம் நடத்தும் ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். அவர் கூட்டத்தில் மேடையேறி, அண்ணியிடம் சொன்னதையே சொன்னேன். பலமாகக் கை தட்டினார்கள். "ஆனா அவன் சாவற வரைக்கும் வெளிய விடாதீங்க" என்றும் சொன்னேன். ஒருவரும் தட்டவில்லை. கீழே இறங்கியதும் அந்தத் தம்பி மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, மன்னிப்புனு ஒண்ணு இருக்குதுல்லங்க?"

"நீங்க மன்னிச்சிக்கோங்க தம்பி. செத்தது உங்க புள்ளயா?"

பிறகு போனில் பரவிய வீடியோவில் என் பேச்சின் முதல் பாதி மட்டும்தான் இருந்தது.

இந்த வருடம், அவனை முன்கூட்டியே விடுதலை செய்யலாமா என்று விசாரிக்க ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். "நீங்கதான் மன்னிச்சிட்டீங்களேம்மா, வீடியோ பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். பேனாவோடு சேர்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், கொல்லாதீங்கனு சொன்னேன். விடுங்கனு சொல்லல. அடிச்சிட்டு எழுதுங்க."

எழுதியதை அடித்துவிட்டு, நான் சொன்னபடி எழுதினார். விடுவார்களா மாட்டார்களா, இன்னும் தெரியவில்லை.

உயிர் கொடுத்தவன் அண்ணாமலையான். எடுப்பதும் அவன் வேலை, அதில் கோர்ட்டு கை வைக்க வேண்டாம். அதற்காக, என் பிள்ளை ஓட்டிய ரோட்டில் அவனை அடித்தவன் மறுபடியும் வேன் ஓட்டிக்கொண்டு போவதை நான் வாசலில் நின்று பார்க்க மாட்டேன். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்கு அனுப்புங்கள். தூக்குக் கேட்பவர்களுக்கும் விடுதலை கேட்பவர்களுக்கும் இதே மாதிரி, முழுசாக அனுப்புங்கள். பாதியை வெட்டியதில்தான் அவனுக்கு ஜெயில் கதவு திறக்கப் பார்த்தது.