ஒரு மணிக்குத் திரும்பச் சொன்னவர்

ஏழுமலை இறந்த செய்தி எனக்கு ஓர் ஆர்டராக வந்தது. செஞ்சிக் கடைத்தெருவில் பிளக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மேல்மலையனூர் அமாவாசை அன்னதானம், சாவு எல்லாம் ஒரே மெஷினில்தான் வரும். அன்று காலை ஷட்டரை முழுதாகத் தூக்கக்கூட இல்லை, உரக்கடை சம்பத்திடமிருந்து வாட்ஸப்பில் ஒரு முகம் வந்தது. பின்னாலேயே அவர் குரலும் வந்தது. "அண்ணே, நம்ம ஒயர்மேன் ஏழுமலை மார்வலில போயிட்டாரு. மலையேற்றக் குழு சார்பா ஆறுக்கு நாலுல ஒண்ணு அடிச்சிடுங்க. பின்னாடி அந்த அருவி போட்டோவ வைங்க, எடுப்பா இருக்கும்."

ஷட்டரைத் தூக்கினேன். பேனரை அடித்தேன். அந்த அருவிப் படத்தை எடுத்தவன் நான்தான். அதில் பதினாறு பேர் நனைந்துபோய்ச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களையெல்லாம் அழித்துவிட்டு அந்த இடத்தில் ஏழுமலையின் முகத்தை ஒட்டினேன். கீழே "அண்ணன் ஏழுமலை" என்று போட்டேன். அவர் உயிரோடு இருந்தவரை நான் அவரை அண்ணன் என்று கூப்பிட்டதே இல்லை. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நான் ஏழுமலை என்பேன், அவர் சார் என்பார். அவர் காலனிக்காரர், நான் கடைத்தெருக்காரன். எங்கள் ஊரில் இதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

இந்த இரங்கல் கூட்டத்தில் படிக்க நாலு வரி எழுதித் தரச் சொன்னீர்கள். நாலு வரியில் அடங்காது. உங்களுக்குப் பிடிக்கப் போவதும் இல்லை. இருந்தாலும் உட்கார்ந்து கேளுங்கள், உங்களில் பலர் அருவிக்குப் போன அந்த வேனில் வந்தவர்கள்.

எனக்கு அவர் பழக்கமானது ஒரு சித்திரை மாதத்தில். கடைத்தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. மின்வாரியத்தில் ஒயர்மேனாக இருந்த ஏழுமலை கம்பத்தடியில் நின்று யாருக்கோ போன் போட்டுப் பேசினார், பிறகு தானே சைக்கிளில் போய் எதையோ பார்த்துவிட்டு வந்தார், மறுபடியும் சோதித்தார். நாங்கள் பத்துக் கடைக்காரர்கள் வியர்வையில் ஊறிப்போய் அவரைத் திட்டிக்கொண்டிருந்தோம். "சீக்கிரம் ஏறுய்யா, ஐஸ்கிரீமெல்லாம் உருகுது" என்று ஒருவர் கத்தினார். ஏழுமலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலை முடிந்து என் கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்தபோதுதான் சொன்னார். "என் கூட வேல செஞ்சவன் ஒருத்தன் இப்படித்தான் சார், எல்லாரும் கத்தறாங்களேன்னு ஏறிட்டான். லைன் ஆஃப் ஆவல. கத்தினவங்க ஒருத்தரும் அவன் கருமாதிக்கு வரல." சிரிக்காமல், கோபமும் இல்லாமல் சொன்னார்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மலைதான் எல்லாம். கோட்டை மலையான ராஜகிரி உச்சிக்கு வாரம் ஒரு தடவை ஏறுவார். என் கடைச் சுவரில் மாட்டியிருந்த கோட்டைப் படங்களைப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கல்லுல நின்னு எடுத்தது, நான் சொல்லட்டா?" என்று ஆரம்பித்ததில்தான் நம்முடைய குழு பிறந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு. முதலில் நம் கோட்டை, பிறகு மண்டகப்பட்டு, அதன் பிறகு வேன் பிடித்து வெளியூர் மலைகள். ஆள் சேர்ப்பதும் வேன் பேசுவதும் என் வேலை. வழி காட்டுவது அவர் வேலை.

அவர் வழி காட்டிய முறை உங்களுக்கு நினைவிருக்கும், அதைக் கேலி செய்ததும் நினைவிருக்கும். அவர் முன்னால் நடக்க மாட்டார். பாதையை நமக்குச் சொல்லி அனுப்பிவிட்டு எல்லோருக்கும் கடைசியில் வருவார். "மொதல்ல போறவங்களுக்கு நான் எதுக்கு சார்? கடைசில வர்றவங்களுக்குத்தான் ஆள் வேணும்" என்பார். இன்னொன்று அந்த அலாரம். வேன் கிளம்புமுன் எல்லோர் போனிலும் ஒரு மணிக்கு அலாரம் வைக்கச் சொல்வார். ஒரு மணி அடித்தால் எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்ப வேண்டும், இன்னும் பத்தடிதான் பாக்கி என்றாலும். மேல்சித்தாமூர் கலாவதி டீச்சருக்கு மட்டும் இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. அவர்கள் சமணர்கள், வீட்டில் பொழுது சாய்ந்தபிறகு சாப்பிடுவதில்லை. "இவர் ஒருத்தர்தான் நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடணும்னு நெனைக்கிறாரு" என்பார்.

கல்வராயன் மலை அருவிக்குப் போகலாம் என்று சொன்னதே ஏழுமலைதான். அதற்கு முந்தின கோடையில் தனியாகப் போய், மலைக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு வழி பார்த்துவிட்டு வந்தார். அப்போது அங்கே தண்ணீர் கிடையாது. "பாறை மட்டும் நிக்குது சார். நம்ம ராஜகிரி மாதிரி நெட்டுக்குத்தா. நடுவுல கறுப்பா ஒரு கோடு, அதான் தண்ணி வர்ற தடம். தண்ணியோட ஒரு தடவ பாத்துடணும்" என்றார். அந்த மழைக்காலம் வரும்வரை இதையே எத்தனை தடவை என் கடையில் வந்து சொல்லியிருப்பார் என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் மகளின் பழைய நோட்டில் பாதையைப் படம் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். முதல் ஓடை, இரண்டாவது ஓடை, பிறகு இருபது நிமிஷம், அருவி. அருவி இருக்கும் இடத்தில் ஒன்றும் வரையாமல் விட்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஊரில் ஒரு கதை உலவுகிறது. டீச்சருக்கு முட்டி வலி, அதனால் தாமதம், ஒயர்மேன் பயந்துவிட்டார் என்று. தாமதத்துக்குக் காரணம் டீச்சரின் முட்டி இல்லை. சங்கராபுரத்தில் டிபனுக்கு நிறுத்திய வேன் ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றது. இன்னொரு தோசை, இன்னொரு காபி என்று உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியும். நானும் ஒருவன்.

இரண்டாவது ஓடைக்கு வந்தபோது அலாரம் அடித்தது. காட்டுக்குள் இருபத்திரண்டு போன்களும் ஒரே நேரத்தில் கத்தின. மரத்தில் இருந்த குரங்குகள் கலைந்து ஓடின. ஓடையில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அந்தப் பக்கம் அருவியின் இரைச்சல் தெளிவாகக் கேட்டது. ஏழுமலை கடைசியாக, டீச்சரைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். தண்ணீரைப் பார்த்தார், மேலே மலை முகட்டைப் பார்த்தார். அங்கே இருட்டிக்கொண்டு வந்தது.

"திரும்பிடலாம் சார்" என்றார்.

சம்பத்துக்குப் பொறுக்கவில்லை. "இன்னாய்யா வெளையாடுறியா? அருவி சத்தம் காதுல கேக்குது. ஒயர்மேன் சொன்னான்னு இங்கிருந்து திரும்பிப் போறதா?"

"மேல மழை ஊத்திகினு இருக்குது சார். கரண்ட்டும் தண்ணியும் ஒண்ணு. வர்றேன்னு சொல்லிட்டு வராது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர் பக்கம் நிற்பேன் என்று ஏழுமலையும் என்னைப் பார்த்தார். போன் இன்னும் என் கையில் அடித்துக்கொண்டிருந்தது. அதை அணைத்தேன். "நீ வேணும்னா இங்கயே இரு ஏழுமலை. நான் கூட்டிகினு போறேன்" என்றேன். அத்தனை வருஷத்தில் அவரை நான் "நீ" என்றது அன்றைக்குத்தான். அவர் முகம் மாறியதா என்று கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை, ஓடையில் இறங்கிவிட்டேன்.

பதினாறு பேர் என் பின்னால் வந்தார்கள். அருவி நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன், பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. நீங்கள் குளித்தீர்கள், நான் படம் எடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

திரும்பி வந்தபோது ஓடை இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது. ஏழுமலை இரண்டு கரையிலும் மரத்தில், பையில் கொண்டுவந்த கயிற்றைக் கட்டிவிட்டு நடுவில் தண்ணீரில் நின்றிருந்தார். டீச்சரையும் மற்றவர்களையும் முன்னாலேயே வேனுக்கு அனுப்பிவிட்டிருந்தார். உங்களை ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்து அக்கரை சேர்த்தார். நீங்கள் சிரித்துக்கொண்டே கடந்தீர்கள், இரண்டு பேர் வீடியோகூட எடுத்தீர்கள். "இன்னா ஏழுமலை, கோவம் தீந்துச்சா?" என்று சம்பத் கேட்டார். ஏழுமலையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. பல் தந்தியடிக்க, அடுத்தவருக்குக் கையை நீட்டினார்.

நீங்கள் எல்லோரும் மேலே ஏறிப் போய்விட்டீர்கள். அந்தப் பக்கத்து முடிச்சை அவிழ்த்துவிட்டு நான் கடைசியாகக் கடந்தேன். இந்தப் பக்கத்துக் கயிற்றை நாங்கள் இரண்டு பேரும் அவிழ்த்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் செம்மண் நிறமாக மாறியது. பிறகு ஒரு சத்தம். ஒரு முழு மரம் வேரோடு புரண்டு வந்தது. அவர் நின்றிருந்த இடம், நீங்கள் நின்று வீடியோ எடுத்த இடம், ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் கடந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஏழுமலை கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "போலாம் சார், டீச்சர் சாப்புடணும்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் நீங்கள் இன்றுவரை சொல்கிறீர்கள். ஆகாமல் போனது எப்படி என்று பார்த்தவன் நான் ஒருவன். நான் சொல்லவில்லை. வேனில் "நீங்க இல்லன்னா அருவியப் பாத்திருக்கவே மாட்டோம் அண்ணே" என்று எனக்குக் கை கொடுத்தீர்கள். வாங்கிக்கொண்டேன். ஏழுமலை பின் சீட்டில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் திரும்பிப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. திரும்பவில்லை.

அடுத்த மாதம் "வழிகாட்டி வேறு ஒருவர்" என்று குழுவில் செய்தி போட்டதும் நான்தான். நீங்கள் கேட்டீர்கள், நான் போட்டேன். அன்று மத்தியானமே ஏழுமலை குழுவிலிருந்து விலகினார். ஐந்து நிமிஷம் கழித்து டீச்சரும் விலகினார். பிறகு எனக்குத் தனியாகப் போன் செய்தார். "அவர் கயித்தோட தண்ணியில எறங்கினதைப் பாத்துட்டுத்தான் நான் வேனுக்குப் போனேன் சார். நான் சொன்னா என் முட்டிக்காகப் பேசுறேன்னு சொல்வாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க, சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன்.

மூன்று வருஷம் போனது. ஏழுமலை என் கடைக்கு வரவில்லை, ஆனால் எதிரில் பார்த்தால் நின்று பேசுவார். "டீச்சர் முட்டி எப்படி இருக்குது சார்? விசாரிச்சீங்களா?" அந்த அருவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு தடவை கத்தியிருக்கலாம், அல்லது பார்க்காதது மாதிரி போயிருக்கலாம். இரண்டும் செய்யாமல் என்னை நன்றாகத் தண்டித்தார். அவர் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்பதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

சாவு வீட்டில் பேனரைத் தெருமுனையில் கட்டியிருந்தார்கள். சம்பத் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார். ஏழுமலையின் மனைவி பச்சையம்மாள் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

"சார், இன்னாத்துக்கு அந்த அருவியப் போட்டீங்க? அவரு அத பாக்கவே இல்லியே. தண்ணியோட பாக்கணும், தண்ணியோட பாக்கணும்னு சொல்லிகினே இருந்தாரு."

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் வீட்டு வாசலில் ஓடையில் கட்டிய அந்தக் கயிற்றைத்தான் கொடியாகக் கட்டியிருந்தார்கள். அவருடைய வேட்டி ஒன்று அதில் காய்ந்துகொண்டிருந்தது.

பகலில் எடுத்தார்கள். மேளம் முழங்க, தெருவைத் தாண்டும்போது எங்கிருந்தோ ஒரு போன் அடித்தது. கோலை ஊன்றிக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் வந்த கலாவதி டீச்சரின் போன். மணி ஒன்று. அவர் அதை அணைக்கவில்லை, கையில் பிடித்துக்கொண்டே நடந்தார். நம் குழுவில் பதினான்கு பேர் அங்கே இருந்தோம். வேறு யார் போனும் அடிக்கவில்லை.

கயிற்றைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அவர் வரைந்த பாதை எந்த நோட்டில் கிடக்கிறதோ தெரியாது. என்னிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு மணி அலாரம்தான். அதுவும் டீச்சரைப் போல நான் காப்பாற்றி வைத்தது இல்லை, சுடுகாட்டிலிருந்து வந்து மறுபடியும் வைத்தது. கடையில் தினமும் அடிக்கிறது. நேற்று கல்யாண பேனருக்கு வந்தவர் "இன்னா சார், சாப்பாட்டு நேரமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

இன்றைக்குச் சொல்லிவிட்டேன் ஏழுமலை அண்ணே. பதினாறு பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொல்லிவிட்டேன். உங்களுக்குத்தான் கேட்காது.