ஒரே ஒரு சோடி மைனஸ் ஒன்பது

தொண்ணூறுகளின் கடைசியில், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில், வில்லைகளை ஓரம் அரைத்துப் பிரேமில் பொருத்தும் வேலை எனக்கு.

ஒரு காலை, கொட்டாஞ்சேனை லொட்ஜில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் மகனின் கண்சோதனைத் துண்டுடன் வந்தார். இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்ட மகன் தடுப்புக்காவலில் இருந்தான். பிடித்தபோதே அவனுடைய கண்ணாடி உடைந்துவிட்டது.

"கூப்பிடுற பக்கம் தெரியாமல் சுவரில போய் முட்டுறான், தம்பி. நடிக்கிறான் எண்டு அடிக்கினமாம்."

அன்று பிற்பகல் பார்க்க விடுவார்கள். தவறினால் மறுமுறை எப்போது என்று தெரியாது.

மைனஸ் ஒன்பது. அந்தப் பவருக்குக் கடையில் இருந்தது பூச்சுப் போட்ட மெல்லிய வில்லை ஒரு சோடி மட்டும். முதலாளி அதை என் கையில் தந்து, "இது ஒடஞ்சா என்ட கண்ணத் தோண்டித்தான் வைக்கணும். அதுவும் வெள்ளெழுத்துக் கண்ணு," என்றார். அம்மா சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

இந்த வில்லையை மெஷினில் இறுக்கிப் பிடித்தால் பூச்சில் மயிரிழை வெடிப்பு விழும். தளர்த்தினால் வழுக்கித் திரும்பிவிடும். கோணம் பிசகிப் பார்வை கலங்கும். முதலாவது சரியாக வந்தது. இரண்டாவது பாதியில் வழுக்கியது. மெஷினை நிறுத்தினேன்.

வாசலில் நின்ற அம்மா, "உடைஞ்சிட்டுதோ?" என்றார்.

"இல்லையம்மா. கொஞ்சம் திரும்பிட்டுது. கழட்டித் திருப்பி ஒட்டுறன்."

கோணத்தை மறுபடி அளந்து, மெஷின் பிடிக்கும் குமிழை வில்லையில் ஒட்டி, மெல்ல மெல்ல அரைத்தேன். மெஷினிலிருந்து வரும் ஓரம் பிளேடு போல இருக்கும். "அது பிரேமுக்குள்ளதானே போகுது, உடுங்க, நேரமாகுது," என்றார் முதலாளி. மைனஸ் ஒன்பதின் ஓரம் பிரேமுக்குள் அடங்காது, பின்னால் தள்ளி நிற்கும். கூரான ஓரத்தைக் கண்டால் காவலில் இருப்பவர்கள் உள்ளே விடமாட்டார்கள். கைச்சாணைக் கல்லில் ஈரம் தொட்டு, விரலுக்கு வழுவழுப்பாகும்வரை தேய்த்தேன். அம்மா ஆட்டோ பிடித்துப் போனார். கண்ணாடி உள்ளே போய்ச் சேர்ந்தது.

சில கிழமைகள் கழித்து அந்த அம்மா கடைக்கு வந்தார். முதலாளி கதிரையை இழுத்துப் போட்டார்.

"இப்ப சுவரில முட்டுறேல்லை," என்றார் அம்மா.

"அடி நிண்டிட்டுதோ, அம்மா?" என்று கேட்டேன்.

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "அடிக்க வரேக்க கண்ணாடியைக் கழட்டிச் சட்டைக்குள்ள வைக்கிறானாம். அது உடைஞ்சால் நான் போற நாளில என்ர முகம் தெரியாதாம்."

முதலாளி உள்ளே போய்விட்டார்.

கண்ணாடி போய்ச் சேர்ந்தால் அடி நிற்கும் என்றுதான் அன்று நாங்கள் மூவரும் நம்பியிருந்தோம். இப்போதும் மெல்லிய வில்லை ஒன்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம், என் வேலையால் ஆகாதது எவ்வளவு என்பதும், ஆன அந்தச் சிறிதை ஒரு பையன் தன் நெஞ்சோடு வைத்துக் காத்தான் என்பதும் ஒன்றாகவே நினைவுக்கு வருகின்றன.