இடது முன்சக்கரத்து ஆவி

"சத்தம் வருதான்னு நான் எவனையும் கேட்டது கிடையாது. சத்தம்தான் எங்கிட்ட வந்து, 'ஐயா, நான் இங்க இருக்கேன்'னு கையைக் கட்டிக்கிட்டு நிக்கும்."

பட்டறை வாசலில் நின்று காதுக்காரர் இப்படி முழங்கியபோது யாரும் சிரிக்கவில்லை. எதிர்க்கடைப் பஞ்சர்காரர்கூடச் சிரிக்கவில்லை. தெருமுனையில் திரும்பும் காரை ஏறிட்டும் பார்க்காமல், "வலது பின்சக்கரம், பேரிங்" என்று தீர்ப்பு வழங்கும் மெக்கானிக்கைப் பார்த்து எப்படிச் சிரிப்பது? ஸ்குரூடிரைவரின் முனையை இரும்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து அவர் கண்ணை மூடிவிட்டால் பட்டறையில் தும்மக்கூட அனுமதி இல்லை. காது சொல்லாமல் எந்தச் சக்கரத்தையும் கழற்றுவதில்லை என்பது அவர் போட்ட சட்டம். கழற்றிப் பார்த்துக் கண்டுபிடிப்பதெல்லாம் காப்பியடித்துப் பாஸாகிற வேலையாம்.

இப்பேர்ப்பட்டவரின் மகள் மலைமேல் உள்ள ஆஸ்பத்திரியில் நர்ஸ். பழைய கார் ஒன்றை வாங்கி, கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் அதைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"முன்சக்கரத்துல, இடது பக்கம், கீச்சுன்னு ஒரு சத்தம்ப்பா. யாரோ பல்லைக் கடிச்சுக்கிட்டு அழற மாதிரி."

காதுக்காரர் பக்கத்து இருக்கையில் ஏறி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். கார் தெருவில் மெல்ல உருண்டது. டயரின் ஓசை, எஞ்சினின் உறுமல், அவ்வளவுதான்.

"எங்க சத்தம்?"

"இதோ, வந்துக்கிட்டே இருக்கேப்பா!"

அவருக்கு வரவில்லை. ஆனால் சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து, வாலை இடுக்கிக்கொண்டு சக்கரத்தையே வெறித்தது. துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றாள். மாடி ஜன்னலில் ஒரு முகம் முளைத்தது. கடைவாசலில் இரண்டு முகங்கள் திரும்பின. ஒன்றுகூட அவரைப் பார்க்கவில்லை. எல்லாம் அவர் தலைக்குக் கீழே, சக்கரத்தைப் பார்த்தன. கார் நகர நகர அந்தக் கண்களும் நகர்ந்தன. மண்டையைப் பிளக்கும் வெயிலில் காதுக்காரருக்கு முதுகு சில்லிட்டது.

பட்டறையை ஒட்டிய வீட்டு வாசலில் மனைவி காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். "என்னங்க, இதைச் சரிபண்ணாம பொண்ணை மலைக்கு அனுப்பிடாதீங்க."

"இல்லாத சத்தத்தை எப்படிடி சரிபண்ணுவேன்?"

"உங்களுக்குத்தான் இல்ல."

பஞ்சர்காரர் அவரைத் தனியே இழுத்துப்போனார். "அண்ணே, இந்த வண்டிய முன்னாடி வச்சிருந்தவர் செத்துட்டாராம்."

"வண்டியிலயா?"

"இல்ல, வீட்டுல. தூக்கத்துல."

"அப்புறம் எதுக்கு முன்சக்கரத்துல வந்து உக்காரணும்?"

"அதை அவர்கிட்டத்தான் கேக்கணும்."

ஆவி, பேய் என்றால் ஆயுள் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த மனிதர், அன்று ஆவியின் பக்கம் சாய்ந்தார். ஊருக்கே கேட்டு, தனக்கு மட்டும் கேட்காத சத்தம் என்றால் அது இந்த உலகத்துச் சத்தமாக இருக்க முடியாது. வேறொரு விளக்கமும் உண்டு. அதற்கு ஆவி எவ்வளவோ தேவலை.

மகள் சாவியோடு வந்து நின்றாள். "எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சுப்பா. எடுத்துட்டுப் போகலாமா? நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னா ஒண்ணுமில்லதான்."

'போ' என்று சொல்ல வாயைத் திறந்தவர், தற்செயலாக மேலே பார்த்தார். தகரக் கூரையின் குறுக்குக் கம்பியில் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அலகுகள் திறந்தன, மூடின, மறுபடி திறந்தன. சின்னச் சின்னத் தொண்டைகள் புடைத்துத் துடித்தன. ஒரு சத்தமும் இல்லை.

"ஐயோ, என்ன கத்து கத்துதுங்க!" என்று மகள் முகத்தைச் சுளித்தாள்.

காதுக்காரருக்கு மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. வர வர இந்தக் குருவிகள் அடங்கிவிட்டன, தன் மேல் ஒரு பயம் வந்துவிட்டது என்றல்லவா இதுவரை பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்! மூலையில் கிடந்த சம்மட்டியையும், போல்ட் கழற்றும் ஏர் கன்னையும் பார்த்தார். இத்தனை வருஷமாகக் காதருகே அலறி, கீச்சுக் குரல்களை மட்டும் திருடிக்கொண்டுபோன இரண்டும் ஒன்றும் அறியாத பிள்ளைகள் போலக் கிடந்தன.

"சாவியக் கொடும்மா" என்றார். பிறகு மனைவியிடம், "நீ கொஞ்சம் சக்கரத்துப் பக்கமா நடந்து வாயேன்" என்றார். வாயேன் என்ற சொல் அந்த வீட்டில் புதிது.

அவர் காரை ஊரவிட்டார். ஜன்னலோரம் மனைவி நடந்தாள்.

"வருதுங்க."

பிரேக்கை லேசாக மிதித்தார்.

"நின்னுடுச்சு."

காலை எடுத்தார்.

"மறுபடியும் வருது."

அவருக்குப் புரிந்துவிட்டது. காது சொல்லாமலே, வாழ்நாளில் முதல்முறையாக, சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பேட் காகிதமாகத் தேய்ந்திருந்தது. பேட் தீர்ந்தால், சக்கரத்தோடு சுழலும் டிஸ்கில் உரசிக் கத்துவதற்கென்றே வைத்த சின்னத் தகடு பளபளவென்று மின்னியது. அது தன் கடமையைச் செய்திருக்கிறது. மலை இறக்கத்தில் மகள் பிரேக்கை மிதித்திருந்தால்?

"ஆவி என்னண்ணே ஆச்சு?" என்று பஞ்சர்காரர் எட்டிப் பார்த்தார்.

"தேஞ்சுபோச்சு."

இரண்டு பக்கமும் புது பேட் போட்டு, காரை வெளியே எடுத்தார். வாசலில் ஒரு சிறு கூட்டம் காத்திருந்தது. நாய் எழுந்திருக்கவில்லை. ஆனாலும் நாயை மட்டும் நம்பி மகளை மலைக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. காரை நிறுத்தி, ஜன்னல் வழியே மனைவியை அருகே கூப்பிட்டார். கூட்டத்துக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"இப்ப சத்தம் வருதா?"